வாத்துக்கு ரெண்டு சாட்சி

வாத்து வந்ததற்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் உடுமலைப்பேட்டையில் இருக்கிறார். பத்திரம் எழுதுவது தொழில். எங்கள் பறவை பார்க்கும் கூட்டத்தில் அவருக்குப் பெயர் 'ரெண்டு சாட்சி'.

குளிர்காலத்துக்கு எங்கள் குளத்துக்கு வரும் பறவைகளையும், பங்குனி வெயிலில் அவை வடக்கே திரும்புவதையும் பதிவு செய்வது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை. நாங்கள் எண்ணிக்கையைப் போனில் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவோம். அவர் அப்படி விடமாட்டார். வடக்கே கருவேல மரம், கிழக்கே மதகு என்று வாத்து உட்கார்ந்த இடத்துக்கு நான்கெல்லை எழுதி, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குவார். எழுதுகிறவர் சாட்சியாகக் கூடாது என்பது அவர் சட்டம். அதனால் தேங்காய் லோடு டிரைவர், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை என்று யார் வந்தாலும் வண்டியை நிறுத்தி பைனாகுலரைக் கையில் திணிப்பார். அந்த மாப்பிள்ளை சேற்றுக்காலோடு பெண் வீட்டுக்குப் போனதாகக் கேள்வி.

இப்பேர்ப்பட்டவருக்கு வரித்தலை வாத்துகள் மேல் ஒரு மனத்தாங்கல். இமயமலையைத் தாண்டி வருகிற பெரிய வாத்துகள் அவை. பங்குனியில் ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது. கிளம்புவதை அவர் ஒரு வருஷமும் பார்த்ததில்லை.

"இத்தன மாசம் நம்மூர்ல இருந்துபோட்டு, ஒரு வார்த்த சொல்லாமப் போனா எப்படிங்க? ஒருக்கா போறதப் பாத்துப்போட்டாப் போதுங்க" என்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தம்.

போன பங்குனியில் ஒரு சாயங்காலம் நாங்கள் இருவர் மட்டும் கரையில் நின்றோம். வாத்துகள் கழுத்தை நீட்டிக் கத்த ஆரம்பித்தன. இன்றைக்குக் கிளம்பிவிடும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பேசாமல் நின்று பார்த்திருக்கலாம். ஆனால் சாட்சிக்கு நான் ஒருவன்தானே இருந்தேன். இன்னொருவரைக் கூட்டிவருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்.

மொபெட்டில் போன ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் கரையேறியபோது குளம் காலியாக இருந்தது. வந்தவர், தான் எதையும் பார்க்கவில்லை என்று நழுவிவிட்டார். இவர் தண்ணீரையே பார்த்தபடி நின்றார்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தனுங்க. எந்திரிச்சு, குளத்த ஒரு சுத்து சுத்திப்போட்டு வடக்க போச்சுங்க."

"சுத்துச்சுங்களா?"

"சுத்துச்சுங்க."

"அப்பச் சொல்லிப்போட்டுத்தான் போயிருக்குது" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. வடக்கே திரும்பி, வீட்டுக்கு வந்த விருந்தாளியை அனுப்புவது போல, "போயிட்டு வாங்க" என்று கை கூப்பினார்.

பிறகு எழுத உட்கார்ந்தார். இன்னொரு சாட்சிக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சொன்னாப் போதுங்க."

தன் கண்ணையே நம்பாத மனிதர் என் ஒரு வார்த்தையை நம்பினார். அதன் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததில்லை.