அசையாச் சாமியும் மூச்சு விடும் பாயும்

பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு சாமியார் ஆறு மாதமாகச் சும்மா படுத்திருந்தார். வேறு எதுவும் செய்யவில்லை. வீட்டில் சும்மா படுத்திருந்தால் திட்டுவார்கள். பந்தல் போட்டுப் படுத்தால் கும்பிடுவார்கள். பெரம்பலூரிலிருந்து வேன், அரியலூரிலிருந்து வேன். சிறுவாச்சூர் கோயிலுக்கு வந்தவர்கள்கூட அப்படியே ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெயர் அசையாச் சாமி. புரள மாட்டார், பேச மாட்டார். ஆகாரம் வெறும் காற்றுதானாம்.

பூக்குவியலுக்கு நடுவே அவர் மல்லாந்து கிடந்த கோரைப் பாய்க்குள் ஆதிசேஷன் குடியிருப்பதாக நம்பிக்கை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் 'ம்ம்ம்' என்று நாகம் முனகும். அவ்வப்போது 'உஸ்ஸ்' என்று மூச்சு விடும். உடனே மொத்தக் கூட்டமும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அதே போன்ற பாய்கள் பக்கத்து மேசையில் விற்பனைக்கு இருந்தன. படுத்த படுக்கையானவர்களுக்கு அதில் படுத்தால் புண்ணே வராதாம். ஒரே ஒரு நிபந்தனை: விடியும்வரை புரளக் கூடாது. புரண்டால் நாகம் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடும்.

உள்ளூர் மலர்கொடி அதில் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள், தம்பி பூவரசனுக்காக.

பூவரசன் ரெட்டிபாளையத்துக்காரன். ஐந்து வருடத்துக்கு முன் லாரி மேல் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அந்த முதல் வருடம் ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஓர் இரவு ஜமுக்காளத்தில் புரளாமல் தூங்கிவிட்டான். காலையில் இடுப்பில் சிவப்பாக ஒரு வட்டம். அது குழியாகி, எலும்பு தெரிந்து, ஏழு மாதம் குப்புறக் கிடந்தான். அதனால் வெளியூர் போகும்போது மாற்றுத் துணியை மறந்தாலும் மறப்பான். காற்று மெத்தையையும் அதன் பம்பையும் மறக்க மாட்டான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை செல்போன் கத்தும், புரண்டு படுப்பான். காலையில் கண்ணாடி பிடித்து இடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி.

அக்கா மகளின் மஞ்சள் நீராட்டுக்காக மூன்று நாள் தங்க மனைவி கலையரசியோடு வந்திறங்கினான். மலர்கொடி செய்த முதல் காரியம், அந்தப் பம்பைத் தூக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியது.

"அக்கா, சாவியக் குடு. வெளையாடாத."

"மூணு நாளைக்கி அந்தப் பாயில படுடா தம்பி. மெஷினு பக்கத்துல இருந்தா நாகத்துக்கு ஆவாதாம்."

"பொரளாம கெடந்தா எனக்குப் புண்ணு வந்துடும்க்கா."

"பொரள்றதாலதான்டா புண்ணே வருது! தோலு ஒரசுதுல்ல? சாமி ஆறு மாசமாப் பொரளல, ஒரு கொப்புளம் உண்டா?"

"சரிங்க அண்ணி, நேர்ல பாத்துடுவோம்" என்றாள் கலையரசி. "பொய்யின்னு தெரிஞ்சா சாவியக் குடுத்துடணும்."

மூவரும் போனபோது பந்தலில் சக்கர நாற்காலிக்கு முன் வரிசையில் இடம் கிடைத்தது. சற்று நேரத்தில் பூவரசனின் செல்போன் அலறியது. வழக்கம்போல் இரண்டு கைகளையும் ஊன்றி, இருக்கையிலிருந்து உடம்பைத் தூக்கிப் பிடித்தான்.

"சந்நிதியில அசையாதீங்க! நாகம் மெரளும்!" என்று சீறினார் சீடர். சாமி மௌனம் என்பதால் அவருக்கும் சேர்த்து இவரே பேசிக்கொண்டிருந்தார்.

அப்போது 'உஸ்ஸ்' என்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூவரசன் போடவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதானே அவன் தினமும் தூங்குகிறான்! கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சரியாகப் பத்து நிமிடம் கழித்து மறுபடியும் 'உஸ்ஸ்'. நம் ஊர் பஸ்ஸுக்கு இல்லாத நேர ஒழுங்கு ஒரு பாம்புக்கு இருந்தது.

"கலை, பாய்க்கு அடியில ஒரு ஒயரு போவுது பாரு. எங்க போவுது?"

"பக்கத்துப் பரோட்டா கடைக்கிங்க."

"போயி பிளக்கப் புடுங்கிட்டு அங்கயே நில்லு. யாரும் மாட்டிடாமப் பாத்துக்க."

முனகல் நின்றது.

"ஐயா, நாகத்துக்கு என்னாச்சுங்க?" என்று பவ்வியமாகக் கேட்டான் பூவரசன்.

"தியானத்துக்குப் போயிருக்கு" என்றார் சீடர். முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

ஐந்தாவது நிமிடம் சாமி இரண்டு விரற்கடை கீழே இறங்கினார். பத்தாவது நிமிடம் தொப்பை மட்டும் மேலே தெரிந்தது. "சாமி பூமிக்குள்ள போறாரு!" என்று ஒரு அம்மாள் அழத் தொடங்க, நாலு பேர் கற்பூரம் ஏற்றினார்கள். சாமியின் நெற்றி வியர்த்தது. இடுப்பு கட்டாந்தரையில் இடித்தது. ஆறு மாத மௌனம் அந்த இடத்தில் உடைந்தது.

"எவண்டா பிளக்கப் புடுங்குனது? இடுப்பு போவுதுடா டேய்!"

கத்திக்கொண்டே சாமி புரண்டு எழுந்தார். பாய் சரிந்தது. அடியில் ஆதிசேஷன் இல்லை. குழாய் குழாயாக ஒரு நீலக் காற்று மெத்தை, ஓரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காற்றை மாற்றி விடும் பம்பு. பூவரசனுடையதைப் போலவே இருந்தது, சில இடங்களில் ஒட்டுப் போட்டிருந்ததைத் தவிர. தலைமாட்டில் எண்ணெய் வழியும் பரோட்டா பொட்டலம் ஒன்றும் கிடந்தது. காற்றை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சால்னா எதற்கோ!

"அடப்பாவி! எந்தம்பிக்கி வெறும் பாயி, ஒனக்குக் காத்து மெத்தையா?" என்று மலர்கொடி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மெத்தை இருந்தாலும் நான் பொரளணும்க்கா" என்றான் பூவரசன். "இவரு தெனம் பந்தலை மூடுனதும் எந்திரிச்சு பரோட்டா கடைக்கி நடக்குறாரு, பொட்டலமே சொல்லுதே. கொப்புளம் எப்புடி வரும்?"

சாமியும் சீடரும் வயல் பக்கமாக ஓடினார்கள். பாதிக் கூட்டம் துரத்தியது. மீதியில் ஒருவர் பம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இதுல சாமியோட சக்தி கொஞ்சமாச்சும் ஒட்டியிருக்கும்ல?" என்று கேட்டார். என்ன செய்வது, அவரும் ஓட்டுப் போடுகிறவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் மலர்கொடி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தம்பி கையில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நல்லதுன்னு நெனச்சு ஒன்னியக் குழியில தள்ளப் பாத்தேனேடா. அந்தப் பாய என்ன பண்றது?"

"மொளகா காயப் போடு. ஒடம்ப ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டணும்க்கா. மூளையயும் அப்பப்ப பொரட்டிப் போடு. ஒரே பக்கமாக் கெடந்தா அதுவும் அழுவிப்போவும். என் இடுப்பு மாதிரியேதான், வலிக்கவும் வலிக்காது."