ஒன்றுமே தெரியாத ஒருவர் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். என் கட்டுரையை ‘இடமில்லை’ என்று திருப்பி அனுப்பியபோதுகூடப் பேசவில்லை. அந்த இடத்தில் ‘கல்லூரி மாணவர்களே, இப்படிப் படியுங்கள்’ என்று ஒரு தொடரைப் போட்டீர்களே, அதனால் பேசுகிறேன்.

என் மகள் உடலியங்கியல் தாளில் ஏற்கெனவே ஒருமுறை தவறியவள். மறுபடி தவறினால் ஒரு வருடம் போச்சு. அவள் உங்களை நம்பினாள். பக்கத்தைக் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் குறிப்பு, அடியில் சுருக்கம் எழுதச் சொன்னீர்கள். அவள் கோட்டை நேராகப் போட்டு நிமிர்வதற்குள் பேராசிரியர் பாடத்தை முடித்துக்கொண்டு போய்விட்டார். முக்கியமான வரிக்கு வண்ணம் தீட்டச் சொன்னீர்கள். எதை விடுவது என்று தெரியாமல் புத்தகம் முழுக்க மஞ்சள் பூசிவிட்டாள். அதையும் பொறுத்தேன். நாலு மாதம் முன்பு, ‘படித்ததை ஒன்றுமே தெரியாத ஒருவருக்கு விளக்குங்கள்’ என்றீர்கள். இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கிய என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏம்மா, அம்மா இருக்காங்களே?”

“அம்மாவுக்குக் கொஞ்சம் தெரியும்ப்பா. நீங்கதான் சரிப்படுவீங்க.”

சமையலறையில் யாரோ சிரித்தார்கள். வீட்டில் நாங்கள் மூன்றே பேர்.

சிறுநீரகம் ரத்தத்திலிருந்து நீரை வடிகட்டி, பிறகு பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வெளிய தள்ளினதை எதுக்கு மறுபடி உள்ள இழுக்கணும்? எங்க ஆபீஸ் நிர்வாகம் மாதிரியில்ல இருக்கு?” என்றேன். மனப்பாட வரியையே திருப்பிச் சொன்னாள். “இது புத்தகம் சொல்றது. நீ சொல்லு” என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனவள், மறுநாள் வந்து, “மொத்தத்தையும் கொட்டிட்டு வேணுங்கிறதை மட்டும் பொறுக்கி எடுத்தா, பேர் தெரியாத விஷம்கூடத் தானா வெளிய போயிடும்ப்பா. இப்ப புரிஞ்சுதா?” என்றாள்.

புரிந்துவிட்டது. எரிச்சலே அதுதான். அன்றிலிருந்து நான் மடக்க, அவள் மடக்க, என் மாலைப்பொழுது நாசமாப் போச்சு. தொடரை உடனே நிறுத்துங்கள்.

உங்கள் பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் பத்திரிகையைப் படிக்காமல் அவர்களாவது நன்றாக இருக்கட்டும்.

பி.கு.: உறையை ஒட்டும்போது தேர்வு முடிவு வந்தது. தேறிவிட்டாள், நல்ல மதிப்பெண்ணோடு. அவள் படிப்பு முடியும்வரை தொடரை நிறுத்த வேண்டாம். “எங்கப்பாவுக்கே புரியவெச்சுட்டேன்” என்று கல்லூரி முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அவள் தோழிகள் மூன்று பேர் சனிக்கிழமைக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். பெயர் அச்சில் வந்தால் வாசலில் வரிசை நிற்கும். ஆகவே கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.