ஆறாவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கோட்டையைப் பிடிப்பது. அஞ்சு மணிக்கு மனைவியிடம் உண்மையைச் சொல்வது. இந்த முடிவோடுதான் அன்று காலையில் சூப்பர்வைசர் எழுந்து பல் தேய்த்தார். ஒரே நாளில் ரெண்டு பெரிய காரியம். முதலாவது சுலபம், முந்நூறு அரக்கர்களை வெட்டிப்போட்டால் முடிந்தது. ரெண்டாவதுக்குத்தான் ஒரு வாக்கியம்கூட இன்னும் தயாராகவில்லை.

உண்மை இதுதான்: மனுஷருக்கு வேலை போய் ஏழு மாசம் ஆகிறது.

ஆபீஸில் அவருக்குக் கீழே அஞ்சு பேர். டைப்பிஸ்ட், ஃபைல்காரர், ஸ்டோர் கீப்பர், தபால் பார்க்கிறவர், டிரைவர். ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் ஆறு கவரைக் கையில் கொடுத்து, உங்க ஆளுங்களுக்கு நீங்களே கொடுத்துடுங்க என்றார். கொடுத்தார். டைப்பிஸ்ட் படித்துப் பார்த்துவிட்டு, "சார், நாற்காலியில இருக்கிற குஷன் என்னோடது. எடுத்துட்டுப் போகலாமா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். எல்லாரும் போன பிறகு ஆறாவது கவரைப் பிரித்தால், அதில் அவர் பேர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், இனிமேல் வீட்டிலிருந்தே வேலை என்றார். அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் நாலரைக்குத்தான் வருவாள். "அப்படியா, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். மகா வெகுளி என்று சூப்பர்வைசர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

வேலை தேடினார். கிடைக்கவில்லை. பகல் பொழுது பூதம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் அந்த ஆன்லைன் விளையாட்டு கண்ணில் பட்டது. ஒரு கணக்கு ஆரம்பித்தார். பிறகு இன்னொன்று. கடைசியில் ஒரே கம்ப்யூட்டரில் அஞ்சு ஜன்னல், அஞ்சு வீரர்கள். முன்னால் போகிறவனை அவர் நடத்தினால் மற்ற நாலு பேரும் பின்னாலேயே வருவார்கள். அவர்களுக்கு டைப்பிஸ்ட், ஃபைல்காரர், ஸ்டோர் கீப்பர், தபால், டிரைவர் என்றுதான் பேர் வைத்தார். லீவு நாளில் மனைவி அறைக்குள் எட்டிப் பார்த்தால், "என்னப்பா, அஞ்சு பேரும் ரெடியா?" என்று மைக்கில் அதட்டுவார். அதில் ஒரு பொய் கிடையாது.

கஷ்டம் என்னவென்றால், கம்ப்யூட்டர் திணறியது. கத்தியை ஓங்கினால் இறங்குவதற்குள் அரக்கன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவான். பாதி வழியில் டிரைவர் உறைந்து நிற்பார். ஒருநாள் டைப்பிஸ்ட் அப்படி நின்றபடியே செத்துப்போனாள். மறுநாள் உயிர் வந்துவிடும் என்று தெரிந்தும் சூப்பர்வைசர் அன்று சாப்பிடவில்லை.

மனுஷர் சும்மா இருக்கவில்லை. படத்தின் தரத்தைக் குறைத்தார், மரங்கள் எல்லாம் பச்சைப் பெட்டிகளாக மாறின. சத்தத்தை அணைத்தார். பின்னால் நிற்கிற நாலு ஜன்னலையும் நொடிக்கு அஞ்சு படம் மட்டும் காட்டச் சொன்னார். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, சமையலறை மேசை ஃபேனைக் கொண்டுவந்து அதற்குக் காற்று வீச வைத்தார். மனைவி அடுப்படியில் வேர்த்துக்கொண்டே சமைத்தாள். மெமரி வாங்கி மாட்டினார். அன்று ஒருநாள் சும்மா பறந்தது. மறுநாள் பழையபடி நொண்டியது.

கம்ப்யூட்டரை ஒருதரம் அணைத்துப் போட்டால் சரியாகும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அணைக்கக் கூடாது. அதே கம்ப்யூட்டரில் மனைவிக்கும் தனிக் கணக்கு உண்டு. விடியற்காலையில் அவள் உட்கார்ந்து ஏதோ தட்டிவிட்டுப் போவாள். டியூட்டி சார்ட் திறந்தே இருக்கும், நிறுத்தினால் முதலிலிருந்து போடணும் என்று சொல்லியிருந்தாள். பாவம், உழைக்கிறவள் என்று இவரும் தொடவில்லை. மெமரி மாட்டுவதற்குக்கூட அவளிடம் அனுமதி வாங்கித்தான் அணைத்தார்.

இத்தனை துயரத்திலும் விளையாட்டுக்குள்ளே அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். கோட்டை வாசலில் மருந்துக்கடை போட்டிருந்த தாடிக்காரர். இடுப்பளவு தாடி, தொப்பை, தலைக்கு மேலே கடைப் பலகை. கடைக்காரர் எழுந்து போனாலும், அவர் பக்கம் விளையாட்டு ஓடுகிற வரைக்கும் கடை தானாக நடக்கும். சீட்டு எழுதிப் போட்டால் மறுநாள் பதில் இருக்கும். சூப்பர்வைசர் முதலில் காயத்துக்கு மருந்து கேட்டு எழுதினார். பிறகு மனசையும் எழுதினார். வேலை போனது, கவர் கொடுத்தது, அந்தக் குஷன், எல்லாம். வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று தாடிக்காரர் அஞ்சு தடவை பதில் போட்டார். அஞ்சு தடவையும் இவர், 'அவள் வெகுளி அண்ணே, தாங்க மாட்டாள்' என்று எழுதினார். கடைசியில், கோட்டையைப் பிடித்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். எதிலாவது ஒன்றில் ஜெயித்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்கணும் என்று மனுஷருக்கு ஆசை.

ஞாயிறு வந்தது. நாலு ஆவதற்கு மூணு நிமிஷம். மனைவி பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அஞ்சு வீரர்களும் வாசலில் நின்றார்கள். நின்றார்கள் என்றால் நகரவே இல்லை. பதறிப்போய் ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டார். ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலைத் திறங்க, உங்க கணக்கு மட்டும் இல்ல, எல்லாக் கணக்கையும் காட்டச் சொல்லுங்க, அதிகமா மெமரி தின்கிறவனை முடிச்சுவிடுங்க என்றார் அவர்.

திறந்தார். அவருடைய விளையாட்டு அஞ்சு தடவை இருக்க வேண்டும். ஆறு இருந்தது.

வைரஸ்தான், சந்தேகமே இல்லை. இத்தனை மாசமாகத் தன் ரத்தத்தைக் குடித்த பூச்சி இதுதான். யாருடைய கணக்கு என்று பக்கத்துக் கட்டத்திலேயே போட்டிருந்தது. படிக்க யாருக்கு நேரம்? ஆறாவதன்மேல் அம்பை வைத்து ஒரே போடு.

அடேயப்பா. அஞ்சு பேரும் குதிரை மாதிரி கிளம்பினார்கள். ஆளுக்கு இருபது குப்பி மருந்து வாங்கிக்கொண்டு உள்ளே புகுந்துவிட வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் தாடிக்காரரிடம் திரும்பினார். அவர் கண்ணெதிரிலேயே முதலில் பலகை மறைந்தது. பிறகு தொப்பை. கடைசியாகத் தாடி.

மணி நாலு. கோட்டைக் கதவு திறந்துகொண்டது. மருந்து இல்லாமல் அஞ்சு பேரும் உள்ளே போனார்கள். டிரைவர், தபால், ஸ்டோர் கீப்பர், ஃபைல்காரர் என்று வரிசையாக விழுந்தார்கள். கடைசியாக டைப்பிஸ்ட் விழுந்தாள். ஒரு திணறல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை, அவ்வளவு துல்லியமாகச் செத்தார்கள்.

சூப்பர்வைசர் மெதுவாக அந்தப் பட்டியலுக்குப் போனார். ஆறாவது வரி போயிருந்தது, தன்னுடையது அல்லாத மற்ற வரிகளின் பக்கத்துக் கட்டத்தைப் படித்தார். மனைவியின் பேர் இருந்தது.

அவள் ஈரக் கையோடு அறை வாசற்படியில் திரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"கடையை மூடிட்டீங்களா?" என்றாள்.

அவர் நாற்காலியைத் திருப்பினார். "எப்போலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து. உங்க டைப்பிஸ்ட் புது வேலைக்காக ரத்தம் குடுக்க வந்தா. சார் எப்படி இருக்காருன்னு கேட்டுட்டு அழுதா. நான் ஊசிய வச்சுக்கிட்டு நின்னேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். தினமும் சாப்பாடு போடும்போது பார்த்தேன். சொல்லல. இந்த விளையாட்டுலதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சுது. உங்ககிட்ட பேச எனக்கு வேற வழி தெரியல. வாசல்ல கடை போட்டேன்." அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "ஏழு மாசமா பக்கத்துல படுத்திருக்கிறவகிட்ட சொல்ல முடியல. தாடி வச்சவன்கிட்ட சொல்ல முடிஞ்சுது."

சூப்பர்வைசர் நாற்காலியிலேயே குனிந்து உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார். அவள் பக்கத்தில் வந்து தலையில் கை வைத்தாள். கையில் சோப்பு வாசனை அடித்தது.

"நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன்" என்றார் கடைசியில்.

"வெகுளிதானே. அஞ்சு தடவை எழுதியிருந்தீங்க." கையை எடுத்தாள். "அது கிடக்கட்டும். ஒரே ஆளா அஞ்சு ஜன்னலை ஓட்டுறீங்கல்ல?"

"ஆமா." அந்த நிலையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. "எல்லாராலயும் முடியாது."

"அதான் பார்த்தேன். வேலை கிடைக்கிற வரைக்கும் சமையல், பாத்திரம், துணி, பெருக்கறது, கடைக்குப் போறது. இதுவும் அஞ்சுதான்."

வாயைத் திறந்தார். இப்போதுதான் சொன்ன வார்த்தை வாய்க்குள்ளேயே இன்னும் ஈரமாக இருந்தது. மூடிக்கொண்டார். அவள் மேசை ஃபேனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள், போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினாள். காற்று அங்கேதான் வேணும், நாளைக்கு அங்கே நிற்கப் போவது நீங்கதான் என்றாள்.

மறுநாள் அவள் ஏழு மணிக்கு வேலைக்குப் போனாள். சூப்பர்வைசர் உலை வைத்தார், பாத்திரம் கழுவினார், பெருக்கினார், காய்கறி வாங்கி வந்தார், துணியை மிஷினில் போட்டார். கை ஓய்ந்தபோது மணி பதினொன்று. அரை மணி நேரம், ஒரே ஒரு ஜன்னல், அதுவும் டைப்பிஸ்டைப் பார்த்துவிட்டு வரத்தான் என்று தன்னிடமே சத்தியம் செய்துகொண்டு உட்கார்ந்தார்.

கோட்டை வாசலில் தாடிக்காரர் பழையபடி கடை திறந்திருந்தார். தலைக்கு மேலே இருந்த பலகையில் காலையிலேயே எழுதிவைத்திருந்தது: 'மணி பதினொன்று. மிஷின் நின்றிருக்கும், துணியை உலர்த்திவிட்டு வாருங்கள்.'