மோதிரம் வாங்கத் துணைக்கு வருகிறவர்

கூட வருகிறவர் என்றொரு இனம் நம்மிடையே வாழ்ந்து வருகிறது. உங்களுக்கும் தெரிந்த இனம்தான். நீங்கள் மீன் வாங்கப் போனாலும் சரி, பழைய கார் வாங்கப் போனாலும் சரி, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் சரி, உங்களுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பவர் அவர். பணம் கட்டப் போவது நீங்கள், அனுபவிக்கப் போவது உங்கள் வீட்டார், ஆனால் கடைக்காரர் முகம் பார்த்துப் பேசுவது அவரிடம். ஏன் என்று கேட்கிறீர்களா? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர்தானே. நீங்கள் பின்னால் நின்றுகொண்டிருப்பீர்கள்.

இந்த இனத்தில் பல பிரிவுகள் உண்டு. மீன் பிரிவினர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். கார் பிரிவினர் டயரை உதைப்பார்கள். எதற்காக உதைக்கிறார்கள் என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. இவர்கள் எல்லோருக்கும் மேலே, தனியாக மேடை போட்டு மாலை மரியாதையோடு உட்கார வைக்க வேண்டியவர், வைர மோதிரம் வாங்கத் துணைக்கு வருகிறவர். பினாங்கில் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் ராமதாஸ், ஏழாவது மாடி.

அவருக்கு வைரத்தில் எப்படி இவ்வளவு ஞானம்? இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் மனைவி தனலெட்சுமிக்கு ஒரு வைர மூக்குத்தி வாங்கினார். அந்த ஒரு மூக்குத்தியோடு படிப்பு முடிந்து பட்டமும் கிடைத்துவிட்டது. அந்த மூக்குத்தி எங்கே அக்கா என்று நான் ஒருமுறை தனலெட்சுமி அக்காவிடம் கேட்டேன்.

"பீரோவுல இருக்கு தம்பி. போட்டா மூக்கு அரிக்குது" என்றார்.

இனி புவனேஸ்வரனிடம் வருவோம். நான்காவது மாடி, துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை, வயது முப்பது. நல்ல பையன், கையெடுத்துக் கும்பிடலாம். ஒரே ஒரு குறை. இந்த முப்பது வருடத்தில் அவன் தானாக ஒன்றையும் தேர்ந்தெடுத்ததில்லை. கடையில் தேத்தண்ணியா காப்பியா என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பான். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் கேட்டவர் முகத்தையே பார்ப்பான்.

இவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்த காமினி, பாயான் லெப்பாஸில் கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலையில் நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியிழையில் பாதி இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்கிறவள். அவள் புவனேஸ்வரனுக்கு ஒரு படம் அனுப்பினாள். குஷன் கட் வைரம் வைத்த மோதிரம். வட்டமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல், மூலைகள் வளைந்து, குட்டித் தலையணை போல இருக்கும் கல். படத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. அதைப் புவனேஸ்வரனே பிறகு என்னிடம் சொன்னான்.

"இந்த டிசைன் எனக்குப் புடிக்கும். கல்ல நீங்களே போயி, உங்க கண்ணால பாத்து எடுங்க. நான் குறை பாக்க மாட்டேன். ஆனா நீங்க எடுத்ததா இருக்கணும். நாளைக்கு வீடு வாங்கணும், புள்ளைக்குப் பேரு வைக்கணும். எல்லாத்துக்கும் நீங்க ஒரு ஆளத் தேடிக்கிட்டு நிப்பீங்களான்னு எனக்குத் தெரியணும். அப்படித்தான்னா நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோம், நான் யோசிக்கணும்."

இதைவிடத் தெளிவாக ஒரு பெண் பேச முடியுமா? புவனேஸ்வரனுக்கும் நன்றாகப் புரிந்தது. தனியாகத்தான் போவேன் என்று முடிவு செய்து, சனிக்கிழமை காலையில் தலைசீவிக் கிளம்பி, மின்தூக்கியில் ஏறினான். மின்தூக்கி ஏழாவது மாடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே ராமதாஸ் இருந்தார். பையன் கைப்பேசியில் மோதிரப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தோளுக்கு மேலிருந்து பார்த்தார்.

"வைரமா தம்பி? தனியாவா போற?" என்றார். மின்தூக்கி கீழே வந்து சேர்வதற்குள் இருவரும் சேர்ந்து போவதென்று ஆகிவிட்டது.

லிட்டில் இந்தியாவில் அவர்கள் ஏறிய முதல் நகைக்கடையில் ஹுஸ்னா என்ற பெண் விற்பனையில் இருந்தாள். தட்டில் ஐந்து மோதிரங்களை எடுத்து வைத்தாள். மூன்றாவது மோதிரத்தைப் பார்த்ததும் புவனேஸ்வரனுக்கு இதுதான் என்று தெரிந்துவிட்டது. வாயையும் திறந்தான். அதற்குள் நாற்காலியில் இருந்தவர் அதே மோதிரத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"மூலையெல்லாம் தேஞ்சிருக்கே. யாரோ போட்டுட்டுக் கழட்டிக் குடுத்ததா?"

"தேயல அண்ணே, அப்படித்தான் வெட்டுவாங்க. தலகாணி மாதிரி" என்றாள் ஹுஸ்னா.

"தலகாணி தலைக்கு. விரலுக்கு எதுக்கு தலகாணி?"

ஹுஸ்னா மேசையில் இடம் ஒதுக்கினாள். இந்த வேலையில் ஆறு வருடமாக இருப்பவள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். ராமதாஸ் கல்லின் மேல் வாயால் ஊதினார். ஆவி எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு தமிழ்ப் பத்திரிகை கேட்டார். அதற்காகவே கல்லாவுக்குக் கீழே மடித்து வைத்திருந்த பழைய பத்திரிகையை ஹுஸ்னா எடுத்துக் கொடுத்தாள். வைரத்தைக் கவிழ்த்து எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து தெரியக் கூடாது, தெரிந்தால் அது கண்ணாடி என்பது அவர் சாஸ்திரம். குனிந்து பார்த்தார். மோதிரத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். எழுத்து தெரியவில்லை. ஆனால் மோதிரத்துக்குப் பக்கத்தில் இருந்த கண்ணீர் அஞ்சலி தெரிந்தது. அதை முழுக்கப் படித்து, "அட, நம்ம அர்ஜுனன் போயிட்டாரா?" என்று அரை மணி நேரம் அவரைப் பற்றிப் பேசினார். வாங்க வந்த நேரத்தில் சாவுச் செய்தி வந்ததால் அன்றைக்கு அந்தக் கடை வேண்டாம் என்று எழுந்துவிட்டார். பத்திரிகை இரண்டு வருடத்துக்கு முந்தியது.

"நான் சொல்லிட்டேன் தம்பி. அப்புறம் உன் இஷ்டம்" என்றார் வெளியே வந்து. இந்த இனத்தின் கூவல் அது. கேட்டவர் இஷ்டப்படி அதற்குப் பிறகு ஒன்றும் நடக்காது.

அடுத்த மூன்று சனிக்கிழமையும் ஒன்பது கடை ஏறி இறங்கினார்கள். ஒரு கல்லில் காக்கைக் கால் மாதிரி கறுப்புக் கீறல் தெரிகிறது என்றார். ஒன்று மஞ்சள் காமாலை பிடித்த கல். ஒன்று ரொம்ப ஜொலிக்கிறது, அதனால் சந்தேகம். நடுவில் மோதிர அளவு என்ன என்று ஒரு கடையில் கேட்டார்கள். புவனேஸ்வரன் காமினியின் விரலை மனதுக்குள் நினைத்துப் பார்த்து, கடை முழுக்கத் தேடி, கடைசியில் ராமதாஸின் சுண்டு விரலைக் காட்டினான். அன்றிலிருந்து எல்லா மோதிரமும் அந்தச் சுண்டு விரலில் ஏறித்தான் இறங்கியது. கடைசியில், நிச்சயதார்த்த வாரத்து வியாழக்கிழமை, எங்கே வந்து நின்றார்கள்? ஹுஸ்னாவின் கடையில், அதே தட்டில், அதே மூன்றாவது மோதிரத்தில்.

"இதத்தான் நான் மொத நாளே மனசுல வெச்சிருந்தேன்" என்றார் ராமதாஸ்.

வாங்கியதோடு விட்டாரா? வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, மூன்று நாள் கூடவே வைத்திருந்து பார்க்க வேண்டும், நல்லது நடந்தால் போட்டுக்கொள்ள வேண்டும், கெட்டது நடந்தால் திருப்பிவிட வேண்டும் என்பது நம்மவர்களின் பழைய வழக்கம். அவர்கள் கேட்பதற்கு முன்பே ஹுஸ்னா சொன்னாள்: "மூணு நாள் வெச்சுப் பாருங்க. ஒத்துக்கலன்னா மாத்திக்கலாம்." புவனேஸ்வரன் பெட்டியை வாங்கக் கை நீட்டினான்.

"நீ வேணாம்" என்று தடுத்தார் ராமதாஸ். "உனக்கு ஏழரைச் சனி நடக்குது. நல்ல கல்லா இருந்தாலும் உன்கிட்ட இருந்தா கெட்டதுதான் நடக்கும். அப்புறம் பழி கல்லு மேல விழும். நான் போட்டுப் பாக்கறேன்லா."

அன்றைக்கே மோதிரம் அவர் சுண்டு விரலில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

வியாழன் மாலை அவரிடமிருந்து முதல் குரல் செய்தி வந்தது. எந்நேரமும் நெரிசலான சௌரஸ்தா பாசார் சந்தையில் போன உடனே கார் நிறுத்த இடம் கிடைத்ததாம், அதுவும் நிழலில். அற்புதமான கல். வெள்ளிக்கிழமை, எட்டு வருடமாகப் பேசாத மைத்துனர் போன் செய்தார். சனிக்கிழமை காலை அதே மைத்துனர் பாலிக் புலாவிலிருந்து ஒரு கூடை டுரியானோடு வந்து இறங்கினார். வைரத்தின் மகிமைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று ராமதாஸ் உட்கார்ந்த இடத்திலேயே ஆறு பழம் சாப்பிட்டார், மேலே ஆட்டுக்கறி போட்டு ஒரு தட்டு நாசி கண்டார் சோறும் சாப்பிட்டார். ஏற்கெனவே கைகால் வீங்குகிற உடம்பு. மாலைக்குள் சுண்டு விரல் வாழைப்பழமாக வீங்கிவிட்டது. வைரம் மேலே ஜோராக உட்கார்ந்திருந்தது.

"சோப்பு போட்டாச்சு, நல்லெண்ணெய் போட்டாச்சு. கழண்டு வர மாட்டேங்குது. இவரையேதான் தாம்பாளத்துல வெச்சுக் கொண்டு போவணும் போல" என்றார் தனலெட்சுமி அக்கா.

ஞாயிறு காலை பாலத்தைத் தாண்டி நிபோங் திபாலுக்கு, காமினியின் வீட்டுக்குப் போனோம். நானும் அந்தக் காரில் இருந்தேன். கையை உயரத் தூக்கி வைத்தால் வீக்கம் வடியும் என்று ராமதாஸ் வழிநெடுக சன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். எதிரே வந்த இரண்டு பேருந்துக்காரர்கள் பதிலுக்குக் கையசைத்தார்கள். புவனேஸ்வரன் முகம் சுண்ணாம்பாக இருந்தது. தனியாகப் போய் வாங்கினேன் என்று காமினியிடம் எப்படிச் சொல்வான்? மோதிரமே ஆளோடு வந்துகொண்டிருக்கிறது.

பந்தலில் நூறு பேர். பத்தரைக்குள் மோதிரம் மாற்ற வேண்டும் என்றார் குருக்கள். அப்போது மணி ஒன்பதரை. விஷயம் பந்தலுக்குத் தெரிந்ததும் ஆளுக்கு ஒரு வைத்தியத்தோடு கிளம்பினார்கள். ஒருவர் நூலைச் சுற்றினார். ஒருவர் கண்ணாடி துடைக்கும் தண்ணீரை அடித்தார். காமினியின் அம்மா லோகேஸ்வரி வெண்ணெய் டப்பாவோடு வந்தார். யாரோ ஒருவர், மூச்சை இழுத்துப் பிடித்தால் விரல் சுருங்கும் என்றார். ராமதாஸ் இழுத்துப் பிடித்தார். முகம்தான் சிவந்தது.

அறைக்குள்ளிருந்து காமினி வெளியே வந்தாள். பட்டுப்புடவையோடு நேராக ராமதாஸிடம் போய், அவர் கையைத் தூக்கி, மோதிரத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு புவனேஸ்வரனைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"பொம்பாவுக்கு போன் பண்ணிட்டேன்" என்றாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த நாட்டில் விரலில் மோதிரம் சிக்கினால் தீயணைப்புப் படைதான் வந்து எடுக்கும். சிவப்பு வண்டி சத்தம் போட்டுக்கொண்டு வந்து நின்றதும், சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார். இரண்டு மலாய் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். பெரியவர் விரலைப் பார்த்து, இழுத்தால் வராது, வெட்டத்தான் வேண்டும் என்றார். பிறகு மலாயில் கேட்டார்: "இது யாருடைய மோதிரம்? அவர் சொன்னால்தான் வெட்டுவேன்."

"அதாவது, பாத்து எடுத்தது நான்" என்று ஆரம்பித்தார் ராமதாஸ். "வெட்டினா கல்லுக்கு ஆகாது. இன்னிக்கு வேற மோதிரம் போட்டுக்கட்டும், இத ஒரு வாரம் கழிச்சி..."

புவனேஸ்வரன் வழக்கப்படி ராமதாஸ் முகத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். குருக்கள் முகத்தைப் பார்த்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காமினி மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பையன் இப்போது வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"என்னோடது" என்றான் புவனேஸ்வரன். "பொத்தோங். வெட்டுங்க."

"தம்பி, யோசிச்சி..."

"நீங்க சும்மா இருங்க அண்ணே."

சின்னச் சக்கரம் சுழன்று மோதிரத்தின் வளையம் பிளந்தது. எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று ராமதாஸ் கண்ணை மூடிக்கொண்டே அதிகாரிக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாய் விரிந்த மோதிரத்தைப் புவனேஸ்வரன் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு காமினி முன்னால் வந்து நின்றான்.

"இந்தக் கல்ல யாரு பாத்தா?" என்று கேட்டாள்.

"நான்தான் பாத்தேன். மொத நாளு, மொத கடையில. பாத்த உடனே தெரிஞ்சிருச்சி. வாயத் தொறந்து சொல்லத்தான் பயமா இருந்துச்சி. ஒரு மாசம் சுத்திட்டேன். மன்னிச்சிரு."

காமினி கையை நீட்டினாள். மோதிரம் அவளுக்கு ரொம்பப் பெரியது. ராமதாஸின் சுண்டு விரலை அளவாக வைத்தால் எப்படிச் சரியாக இருக்கும்? புவனேஸ்வரன் தீயணைப்பு அதிகாரியிடம் இடுக்கி வாங்கி, யாரையும் கேட்காமல், வெட்டிய வளையத்தைத் தானே நெருக்கினான்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்" என்றாள். சிரித்துவிட்டாள். மணி பத்து இருபத்தெட்டு.

விரலில் கட்டோடு ராமதாஸ் சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெட்டு விழுந்த வைரத்தை மறுபடி மூன்று நாள் யாராவது போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நான் ரசத்தில் கவனமாக இருந்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நல்ல வேளை நான் அந்த இனம் இல்லை என்று சாய்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். விரல் வீங்கிய இடத்திலிருந்து உங்களை நான் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன். நூல் சுற்றியபோதும் வெண்ணெய் தடவியபோதும், ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்திருந்தால் தானாகக் கழன்றிருக்குமே, இவ்வளவு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையா என்று உங்கள் உதடு துடித்ததா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். துடித்திருந்தால் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள். வரும் சனிக்கிழமை எனக்கு ஒரு சோபா வாங்க வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.