டில்பரி நூக்கின் பாண் வண்டி

டில்பரி நூக்கில் ஒன்றுமே இல்லை. காலையிலிருந்து இணையத்தைக் கிண்டிக் கிளறி, மத்தியானச் சோறும் ஆறிப்போன பிறகுதான் திருகோணமலையில் இருந்த ஷிஃபானா அந்த முடிவுக்கு வந்தாள்.

அது அமெரிக்காவில், நியூ ஜேர்சியில், ஒரு பெரிய நகரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஊர். ஊர் என்று சொல்வதே அதற்குச் செய்யும் மரியாதைதான். இரண்டு வீதி, ஒரு குளம், ஒரு மண்டபம். கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, தபால் கந்தோர்கூட பக்கத்து ஊரில். சனங்கள் விடிந்ததும் காரேறி நகரத்துக்குப் போவார்கள், பொழுதுபட்டதும் வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். திருகோணமலைக்கு வருகிற கோதுமைக் கப்பல் ஒன்றில் அந்த ஊரையே ஏற்றிவிட்டு, மிச்ச இடத்தில் கோதுமையும் ஏற்றலாம்.

இந்த ஊரைப் பற்றித்தான் ஷிஃபானா ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் எழுத வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்களுக்காக ஊர் ஊராக அறிமுகம் எழுதிக் கொடுக்கும் கொழும்புக் கம்பனி அது. வீட்டிலிருந்தே வேலை. இதுதான் கடைசிப் பரீட்சைக் கட்டுரை. தேறினால் வேலை நிரந்தரம். தவறினால், மாமி றுக்கியாவுக்குக் கொடுத்த வாக்குப்படி லப்டொப்பை மூடிவைத்துவிட்டு, மாமியின் தங்கச்சி நடத்தும் தையல் கடையில் போய் பொத்தான் தைக்க வேண்டும்.

கணவன் நஸ்ரி துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்பவன். எவ்வளவு பெரிய கப்பலையும் இழுத்துவிடுவான். தன் உம்மா றுக்கியாவின் பேச்சை மட்டும் ஒரு அங்குலம் நகர்த்த மாட்டான்.

"என்னகா, எழுதி முடிஞ்சா?" என்று குசினியிலிருந்து மாமி கேட்டாள்.

"அந்த ஊர்ல ஒண்ணுமே இல்ல மாமி. எத எழுதுற?"

"ஒண்ணுமில்லாத ஊருக்கு எதுக்கு ஆயிரம் சொல்லு? கடையிலயெண்டா பொத்தானாவது இருக்கும்."

ஷிஃபானா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். குளத்தை நீட்டினாள். மண்டபத்தை வியந்தாள். மான்கள் வீதியில் உலாவும் என்று, திருகோணமலைத் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று தங்கள் ஒழுங்கையில் நின்றதைப் பார்த்தே எழுதிவைத்தாள். அது அங்கேயும் உண்டாம், தப்பித்தாள். அப்படியும் ஒரு பந்தி குறைந்தது.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கை முனையில், பேக்கரிப் பாணும் பணிஸும் வீடு வீடாக விற்கும் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. பாண்காரர் பஹ்மி நானா ஓட்டோவை நிறுத்தியதும் வீட்டுக்கு ஒருவராக வெளியே வந்தார்கள். பாண் வாங்க ஒரு நிமிஷம், கதைக்க அரை மணித்தியாலம். யாருக்கு மகள் பிறந்தாள், யாருடைய மோட்டர் பழுது, எல்லாம் அந்த ஓட்டோவின் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றித்தான்.

"என்ன தங்கச்சி, முகம் வாடிக் கிடக்கு?"

"அமெரிக்காவில ஒரு ஊரப் பத்தி எழுத வேணும் நானா. டில்பரி நூக்காம்."

"அமெரிக்காவா? என்ட மச்சான் ஹஸ்மியும் அங்கதான். வேன் ஓட்டுறான். கேட்டுப் பாக்கட்டா?"

ஒழுங்கையே சிரித்தது. "நானா, அமெரிக்கா எண்டா பக்கத்தில இருக்கிற கிண்ணியாவா, பாலத்தக் கடந்ததும் ஆளத் தேட?" என்றாள் ஷிஃபானா. ஆனால் பாணைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். குறைந்த பந்தி கிடைத்துவிட்டது.

'ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்கு, பாட்டுப் பாடியபடி பாண் வண்டி ஒன்று டில்பரி நூக்கின் வீதிகளில் வரும். கதவுகள் திறக்கும். அயலவர்கள் கூடுவார்கள். சுடச்சுடப் பாணும் சுடச்சுடச் செய்தியும் கை மாறும்.'

கட்டுரை வெளிவந்தது. கொழும்பிலிருந்து மேலதிகாரி றுஷ்தா தொலைபேசியில் புகழ்ந்தாள். "அந்தப் பாண் வண்டிப் பந்தியில எனக்கு அழுகையே வந்துட்டு ஷிஃபானா. ஒரு மாசம் ஒரு முறைப்பாடும் வராட்டி நீங்க நிரந்தரம்."

மூன்றாம் நாளே மறுபடியும் அழைப்பு வந்தது.

"ஷிஃபானா, அந்த ஊர்ச் சபைச் செயலாளர் மிஸிஸ் ஹார்ப்பர் மெயில் போட்டிருக்காங்க. பின்னேரம் ஆறு மணிக்கு சனம் வீதியில வந்து நிக்கிதாம். வண்டியக் காணல்லையாம். ஏனெண்டு கேக்கிறாங்க."

ஷிஃபானா யோசிக்க நிற்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். "வீதி திருத்துறாங்க மிஸ். அதான் வண்டி வரல்ல."

திருகோணமலையில் இந்தக் காரணத்தைச் சொன்னால் ஒரு ஈ காக்கைகூட மறுகேள்வி கேட்காது. டில்பரி நூக்கில் கேட்டார்கள். எந்த வீதி, எப்போது, எங்களுக்கேன் சொல்லவில்லை என்று ஊரே சபையை முற்றுகையிட்டது. சபைக்கு வெட்கமாகிவிட்டது, வருஷக்கணக்காக வாயைப் பிளந்துகொண்டிருந்த பள்ளங்களை ஒரே கிழமையில் நிரப்பிவிட்டது. 'வீதி இப்போது கண்ணாடிபோல இருக்கிறது. வண்டி எங்கே?' என்று மிஸிஸ் ஹார்ப்பர் எழுதினாள்.

"வண்டிக்காரருக்குச் சுகமில்ல மிஸ்" என்றாள் ஷிஃபானா.

அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு சுகம் விசாரித்து அட்டைகள் எழுதினார்கள். சூப் வைத்தார்கள். கம்பளிக் காலுறை பின்னினார்கள். ஊர் மண்டபத்தில் அட்டைகள் குவிந்து கிடக்கின்றனவாம், வண்டிக்காரரின் விலாசம் தேவையாம்.

ஷிஃபானா அன்று பாண் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று அழுதேவிட்டாள். ஒழுங்கை முழுவதும் கதையைக் கேட்டது.

"பொய்ய நிப்பாட்டுகா. உண்மையச் சொல்லிட்டு பொத்தானத் தை" என்றாள் மாமி.

"எந்த ஊரெண்டு சொன்னீங்க தங்கச்சி? டில்பரி..." என்று இழுத்தார் பஹ்மி.

"நூக்! டில்பரி நூக்! நியூ ஜேர்சி! போதுமா நானா? இப்ப அது ஒண்டுதான் குறைச்சல்!"

"அங்க பஸ் போகுமா?"

ஷிஃபானா கதவை அடித்துச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். போனவள் றுஷ்தாவுக்கு எழுதினாள்: வண்டிக்காரர் ஓய்வெடுக்கத் தூரத்து உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. 'எங்கள் பாண்காரர் எங்களுக்கு வேண்டும்' என்று டில்பரி நூக் மனு எழுதிக் கையெழுத்து வைத்தது. ஊர்க்கூட்டம் கூட்டியது. கூட்டத்தில் கட்டுரையாளரும் காணொளியில் தோன்ற வேண்டும் என்று கேட்டது. கம்பனி முதலாளியும் வருவாராம்.

கூட்டத்தன்று ஷிஃபானா நல்ல முக்காடு ஒன்றைப் போட்டுக்கொண்டு, வேலை போகிற முகத்தோடு லப்டொப்பின் முன்னால் அமர்ந்தாள். மாமி ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். கையில் தையல் கடைப் பூட்டின் திறப்பு கிலுங்கியது.

திரையில் மண்டபம் நிறையச் சனம். முதலாளி ஒரு மூலையில், றுஷ்தா ஒரு மூலையில். மிஸிஸ் ஹார்ப்பர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினாள்.

"உங்கள் கட்டுரையில் தவறு இருப்பதாக முறைப்பாடு வந்திருக்கிறது" என்றாள் ஆங்கிலத்தில்.

ஷிஃபானா கண்ணை மூடிக்கொண்டாள். 'பிடிபட்டுட்டன், யா அல்லாஹ்.'

"முறைப்பாடு செய்தவர் பாண் வண்டிக்காரர்."

ஷிஃபானா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அவர் போன செவ்வாய்க்கிழமை வந்துவிட்டார். பாட்டோடுதான் வந்தார். தான் வருவது ஐந்தரைக்காம். ஆறு என்று நீங்கள் தவறாக எழுதிவிட்டீர்களாம். பிறகு, மீன் வைத்த முக்கோணப் பணிஸைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அவருக்கு மிகுந்த மனவருத்தம். எங்களுக்கும்தான். அது இல்லாமல் இப்போது எங்களால் இருக்க முடியவில்லை."

மண்டபம் கை தட்டியது. ஒரு பெரியவர் எழுந்து, அந்தப் பாட்டைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருவதாகச் சத்தியம் செய்தார். இன்னொருத்தி, இருபது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவளின் பெயர் வண்டிக்கருகில் நிற்கும்போதுதான் தெரிந்தது என்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மிஸிஸ் ஹார்ப்பர் இன்னொன்றையும் சொன்னாள். இந்த ஊரில் ஒருவருக்கும் அக்கறை இல்லை, பக்கத்து ஊரோடு சேர்த்துவிடலாம் என்றுதான் சபை முடிவெடுத்திருந்ததாம். இன்று வாக்கெடுத்தார்கள். சேர்க்கக் கூடாது என்று மண்டபத்திலிருந்த எல்லாக் கையும் உயர்ந்தது. திருகோணமலையில் மாமியின் கையும் உயர்ந்தது, திறப்போடு சேர்த்து.

"நேரத்தை மட்டும் திருத்துங்கள்" என்றார் முதலாளி. "வேலை நிரந்தரம்."

ஷிஃபானாவுக்குத் தலை சுற்றியது. இல்லாத வண்டி எப்படி வந்தது? வண்டிக்காரர் எப்படி முறைப்பாடு செய்தார்? அப்படியென்றால், தான் எழுதியது பொய்யே இல்லையா? யோசிக்க யோசிக்க அது உண்மையாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று பட்டது. இணையத்தில் எங்கோ படித்துத்தான் எழுதியிருப்பாள், அழுகையில் மறந்திருப்பாள். சந்தோஷம் நெஞ்சு முட்ட வந்தது. எழும்பி நின்று, நஸ்ரிக்குத் தொலைபேசி எடுத்து, அழுதுகொண்டே சிரித்தாள். பின்னணியில் இழுவைப் படகு ஊதியது. நஸ்ரிதான் ஊதினான்.

பின்னேரம் பாண் ஓட்டோ வந்தபோது அவளுக்கு முன்னால் மாமி வாசலில் நின்றாள்.

"என்ட மருமகள் அமெரிக்காவில ஒரு ஊரையே காப்பாத்திட்டாகா!" என்று ஒழுங்கைக்கே கேட்கக் கத்தினாள். "ஒரு சொல்லுப் பொய்யில்லையாம். முதலாளியே சொல்லிட்டார். நேரம் மட்டுந்தான் கொஞ்சம் பிழைச்சிட்டு!"

ஒழுங்கை கை தட்டியது. மான்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஷிஃபானா ராணிபோல நடந்து வந்து கண்ணாடிப் பெட்டியைத் தட்டினாள்.

"எல்லாருக்கும் ஒவ்வொரு மீன் பணிஸ் குடுங்க நானா. இண்டைக்கு என்ட செலவு. அண்டைக்குக் கோவத்தில கத்திப்போட்டன், மனசில வெக்காதீங்க. பாத்தீங்களா, கடைசியில அந்த வண்டிக்காரர் தானாவே வந்துட்டார்!"

பஹ்மி நானா பெட்டியைத் திறந்து, முக்கோணப் பணிஸ்களைக் கடதாசிப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஓம் தங்கச்சி, அமெரிக்காவிலயிருந்து மச்சான் ஹஸ்மி கோல் எடுத்தான். காலுறை அளவாத்தான் இருக்காம், வருத்தமும் சுகமாகிட்டாம், ஒங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னான்."