மூன்றாம் ஓலையும் மூன்று பாட்டில் மீனும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு விஷயம் பாதி தெரிந்தால் போதும், முழுதாகத் தெரிந்ததுபோல் ஊருக்குச் சொல்லிவிடுவேன். மீதிப் பாதி பின்னால் வந்து பிடரியில் ஒன்று போடும்போதுதான் வாயை மூடுவேன். இப்போது வயது ஏறி, சர்க்கரை மாத்திரையும் சேர்ந்துகொண்டதில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இருபத்துமூன்று வயதில் அது முற்றிய நிலையில் இருந்தது. அந்த நிலையில்தான் என் சொந்த அக்காவின் கல்யாணத்தை ஒரு துண்டு மீனை வைத்து நிறுத்தப் பார்த்தேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. திண்டுக்கல்லில் வீடு, மதுரையில் ஆய்வகம். தினமும் பஸ்ஸில் போய்வந்து மீன்களின் டிஎன்ஏவை ஆராய்ந்துகொண்டிருந்தேன். (ஆராய்ந்துகொண்டிருந்தேன் என்பது நான் வீட்டில் சொன்னது. முதல் எட்டு மாதம் கண்ணாடிக் குழாய்தான் கழுவினேன்.) மீனின் தலையை வெட்டி, தோலை உரித்து, மசாலாவில் புரட்டிப் பொரித்து வைத்தாலும், அது இன்ன மீன் என்கிற அடையாளம் சதைக்குள்ளேயே இருக்கும். கடுகளவு சதை போதும், கண்டுபிடித்துவிடலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

எங்கள் ஊரில் விரால் என்றால் தனி மரியாதை. ஆபரேஷன் முடிந்தவருக்கு விரால், பிள்ளை பெற்றவளுக்கு விரால், சம்பந்தி வீட்டார் வந்தால் விரால். அம்புட்டு விரால் எந்தக் குளத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த இடத்தில்தான் ஆப்பிரிக்கக் கெளுத்தி நுழைந்தது. வளர்க்கவே கூடாதென்று அரசு தடை போட்ட மீன். மீசையோடு முழுசாகப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். துண்டு போட்டுத் தோலை உரித்துவிட்டால் அதுவும் விரால்தான், விலையும் விரால் விலைதான்.

அப்போது ஜெசிந்தா அக்காவுக்கு வரன் முடிவாகியிருந்தது. அவளுக்கு இருபத்தெட்டு வயது. பள்ளியில் கணக்கு டீச்சர். அதுவரை வந்த வரன்கள் ஒன்று அவளுடைய உயரத்தைப் பார்த்து ஓடின, அல்லது அவள் கேட்ட கேள்விகளைப் பார்த்து ஓடின. அமலன் ஓடவில்லை. அவரும் அவருடைய அப்பா லூர்து மாமாவும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மெஸ் நடத்தினார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி தொடாத எங்கள் மாதா கோயில் ஜனம் முழுக்க அங்கேதான் விரால் வறுவலுக்கு வரிசையில் நிற்கும். பெண் பார்த்துவிட்டுப் போனபின் அக்காவிடம் அம்மா கேட்டாள்.

"என்னடி, பிடிச்சிருக்கா?"

"அடுத்தவங்க பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து பேசுறாரும்மா. நம்ம வீட்டுல அப்படி ஒரு ஆளாச்சும் வேணும்" என்றாள் அக்கா. அவள் ஏன் என்னைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

எனக்கு விளங்கியதெல்லாம் ஒன்றுதான். வாராவாரம் ஒரு மெஸ்ஸுக்கு இம்புட்டு விரால் எங்கிருந்து வருகிறது? என் அக்கா ஒரு மோசடிக் குடும்பத்தில் வாழ்க்கைப்படப் போகிறாளா? தம்பி என்று ஒருவன், அதுவும் டிஎன்ஏ படித்தவன், எதற்காக இருக்கிறேன்?

தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று ஊறுகாய் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்தேன். முதல் பாட்டிலில் லூர்து மாமா மெஸ்ஸின் வறுவல் ஒரு துண்டு. இரண்டாவதில் சந்தைக்காரர் என் கண்ணெதிரே உயிரோடு அடித்து வெட்டிக் கொடுத்த பச்சை விரால். மூன்றாவதில் எங்கள் வீட்டு வறுவல். அதைச் சோதிப்பதற்காக எடுக்கவில்லை. உண்மையான விரால் வறுவல் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க எடுத்தேன். எங்கள் அப்பா தலைமையாசிரியர். மீன் வாங்குவதில் தன்னை மிஞ்ச இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது என்று அவரும் சொல்வார், நாங்களும் நம்பினோம். மூன்றிலும் ஸ்பிரிட்டை ஊற்றி, 'மெஸ்', 'சந்தை', 'வீடு' என்று மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதி, பைக்குள் வைத்து மறுநாள் காலை மதுரை பஸ் ஏறினேன்.

வாடிப்பட்டி தாண்டும்போது பஸ் முழுக்க ஸ்பிரிட் வாடை. கண்டக்டர் மோப்பம் பிடித்து என்னிடம் வந்து நின்றார்.

"தம்பி, பஸ்ல குடிக்கக் கூடாது."

"இது மீனுண்ணே."

"மீனு தொட்டுக்கவா?"

பையைத் திறந்து காட்டினேன். மூடிகள் கசிந்து, பை முழுக்க ஈரம். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் பார்த்தேன், பாட்டில்களில் எழுத்து எதுவும் இல்லை. மார்க்கர் மையைக் கரைப்பதில் ஸ்பிரிட்டை மிஞ்ச ஒன்றுமில்லை என்று ஆய்வகத்தில் முதல் வாரமே சொல்லியிருந்தார்கள். (நான் அன்றைக்குக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன்.)

பச்சை மீன் பார்த்தாலே தெரிந்தது. பொரித்த இரண்டும் மசாலா கரைந்து, வெளுத்துப்போய், எது மெஸ் எது வீடு என்று தெரியாமல் கிடந்தன. கொஞ்சமும் கலங்கவில்லை நான். ரிசல்ட் வந்தால் தானாகத் தெரிந்துவிடும் என்று தைரியமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுக்கொண்டேன்.

ஆய்வகத்தில் டிஎன்ஏ சோதிக்கும் இயந்திரம் என் முறைக்குக் கிடைக்கவே ஐந்து வாரம் ஆனது. அதற்குள் ஈஸ்டர் முடிந்து, கோயிலில் அக்காவின் ஓலையும் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பார்கள். அதற்குப் பெயர் ஓலை. நான் அறிய யாரும் போய் எதையும் சொன்னதில்லை.

இரண்டாம் ஓலை முடிந்த வாரம் ரிசல்ட் வந்தது. புற ஊதா விளக்குக்குக் கீழே டிஎன்ஏ வரிவரியாகத் தெரிந்தது. பச்சை மீன் விரால். பொரித்ததில் ஒன்று விரால். மற்றொன்று சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஆப்பிரிக்கக் கெளுத்தி.

இனி எது யாருடையது என்று முடிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி. அதற்கு எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா வாங்கியது விராலாகத்தான் இருக்கும். ஆகவே விரால் வந்த பாட்டில் வீடு. கெளுத்தி வந்த பாட்டில் மெஸ். கம்ப்யூட்டரில் அழகாக லேபிள் அடித்து ஒட்டினேன். (இதைப் படிக்கும் விஞ்ஞானிகள் யாராவது தலையில் அடித்துக்கொண்டால், மெதுவாக அடித்துக்கொள்ளவும். நான் அதை நிறையச் செய்திருக்கிறேன்.)

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை காலை. வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் சாமியாரின் பங்களாவுக்குப் போய் நின்றேன்.

"சாமி, எங்க அக்கா கல்யாணத்துக்குத் தடை இருக்கு."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல சாமி. மீனு."

கழற்றிய கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "தடைன்னா அதுக்குன்னு சட்டம் இருக்குப்பா. மீனு அதுல வராது."

"கெளுத்திய விராலுன்னு விக்கிறது களவு இல்லையா சாமி? ஏழாம் கட்டளை. அது பொய்யி. எட்டாம் கட்டளை. விஞ்ஞானப்பூர்வமா நிரூபிச்சிருக்கேன்" என்று வரிகள் தெரிந்த போட்டோவை மேசைமேல் வைத்தேன்.

"இத இத்தோட விடு. வேற யாருகிட்டயும் சொல்லாத" என்றார் சாமியார். அவர் நல்ல மனுஷர். ஆனால் அடுத்த அறையில் உபதேசியார் பூசைக்கான துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவர் கதவை மூடிவிட்டு மடிக்கிற பழக்கம் உள்ளவர் இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு குடும்பமும் பங்களாவில் இருந்தது. அன்று மத்தியானமே மெஸ்ஸில் நாலைந்து பேர் இலையில் உட்கார்ந்தபின் எழுந்து போய்விட்டார்களாம். லூர்து மாமா கத்தவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா சுவரோரம் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் வியாதிக்கே கொஞ்சம் பயம் வந்தது.

"சாமி, நான் சண்டைக்கு வரல. அந்தத் தம்பி பாட்டில காட்டட்டும். எங்க கடை வெட்டு எனக்குத் தெரியும்" என்றார் லூர்து மாமா.

பொரித்த துண்டுகள் இருந்த இரண்டு பாட்டில்களையும் மேசைமேல் வைத்தேன். 'மெஸ்' என்று லேபிள் ஒட்டியதை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது எங்க வெட்டு இல்ல."

"எல்லாரும் அப்படித்தான் மாமா சொல்லுவாங்க. டிஎன்ஏ பொய் சொல்லாது" என்றேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் ராத்திரி முழிப்புத் தட்டிவிடுகிறது.

அம்மா எழுந்து வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏலே சவரி, இந்தத் துண்டுல மூணு கீறல் இருக்கா?"

"இருக்கு."

"இன்னொரு பாட்டில்ல இருக்கா?"

குனிந்து பார்த்தேன். "இல்ல."

"அந்த மூணு கீறலும் நான் போட்டதுலே. பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு சொல்லி ஒவ்வொரு துண்டுலயும் முப்பது வருசமாக் கீறிக்கிட்டு இருக்கேன், மசாலா எறங்கணும்னு. இது நம்ம வீட்டு மீனு."

இருபத்துமூன்று வருடம் அந்தக் கீறல்களைத் தின்று வளர்ந்தவன் கண்ணில் அவை பட்டதே இல்லை. அக்கா சுவரை விட்டு நகர்ந்து வந்தாள்.

"லேபிள் எப்ப ஒட்டுன?"

"ரிசல்ட் வந்தப்புறம்."

"எத வச்சு ஒட்டுன?"

"அப்பா வாங்குனது தப்பா இருக்காதுன்னு..."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மொபட்காரர் பள்ளிக்கே வந்து, "சாருக்குன்னே எடுத்து வச்ச அணை விரால்" என்று தோலுரித்த துண்டுகளைக் கவரில் போட்டுக் கொடுப்பாராம். அப்பா அதைப் பெருமையாக வாங்கிவருவார். "மண்ணு வாடை அடிக்குதுன்னேன். அணை மீனுன்னா அப்படித்தான் இருக்கும்னீங்க" என்றாள் அம்மா, மெதுவாக. எனக்கு அவமானத்தைவிட அப்பாவைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. "எனக்கு அவரப் பிடிச்சிருக்குன்னு உனக்குத் தெரியும்ல? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள். மாமாவின் காலில் விழுவதா அக்காவின் காலில் விழுவதா என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.

எல்லோரும் பேசி ஓயும்வரை அமலன் காத்திருந்தார். பிறகு அந்தப் போட்டோவை எடுத்துத் தன் அப்பாவிடம் கொடுத்தார்.

"அப்பா, லேபிள மாத்தி ஒட்டுனா, நம்ம மெஸ்ஸு மீனு விராலுன்னு நிரூபிச்சிருக்காருல்ல. ஊருல வேற எந்தக் கடைக்கு இப்படி எழுதிக் குடுத்திருக்காங்க? நாளைக்கு மூணாவது ஓலைய வாசிக்கச் சொல்லுவோம்."

லூர்து மாமா போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டிய கைகள் மெல்ல இறங்கின. "வாசிங்க சாமி. ஆனா இந்தத் தம்பி ஆறு வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து மீன் கழுவணும். கையால தொட்டுப் பழகட்டும்" என்றார்.

கழுவினேன். உயிருள்ள விரால் கையில் நிற்காது. முதல் வெள்ளிக்கிழமை ஒன்று நழுவித் துள்ளி, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் மடியில் போய் விழுந்தது. ஆறாவது வாரம் கண்ணை மூடிக்கொண்டு தடவியே மீனின் பெயரைச் சொன்னேன். போட்டோவை மாமா சட்டம் போட்டு, மெஸ்ஸில் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். யாராவது அது யாருடைய எக்ஸ்ரே என்று கேட்டால், "விராலோடது. சம்பந்தி வீட்டுல எடுத்துக் குடுத்தாங்க" என்பார்.

அப்பா அதற்குப் பிறகு மீன் வாங்கவே இல்லை. அதைக் கேள்விப்பட்ட லூர்து மாமா, கல்யாணம் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை ஒரு வாளித் தண்ணீரில் உயிருள்ள விரால் ஒன்றைப் போட்டு அமலன் மச்சானிடம் கொடுத்தனுப்பினார். "தலையோட அனுப்பியிருக்கேன், சார் முகம் பாத்து எடுத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டாராம். அப்பா வாளியைப் பார்த்து வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். மாமா இப்போது இல்லை. வாளி மட்டும் இன்னும் வருகிறது.

நான் ஆய்வுப் பட்டமும் வாங்கிவிட்டேன். வெளியூர்களில் கூப்பிட்டு மீன் அடையாளம் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை நான் வாளிக்குள் பார்த்துப் பெயர் சொல்லாமல் அடுப்பில் சட்டி ஏறாது. அதற்கு ஞானஸ்நானம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போன வாரமும் அக்கா மகள் இரண்டு கையாலும் மீனைப் பிடித்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மாமா, இது என்ன மீனு?"

"விரால்" என்றேன்.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "எதுக்கும் உங்க அப்பாகிட்டயும் ஒரு தடவ கேட்டுக்கடி."