நாலு பேருக்கு ஒரு நத்தை

'மே 14. இன்று ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். ஷூவைப் போடும் முன் உதறிப் பார்த்தேன்.'

அவள் போகும் மாலை நேர எழுத்து வகுப்பில் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் மனதுக்குள் எழுதிப் பார்த்த வரி அதோடு நின்றுவிட்டது. ஷூவுக்குள்ளிருந்து விழுந்தது உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

நத்தை. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஓட்டுக்குள் சுருண்டு கிடந்தது.

வேறு இடமாக இருந்தால் ஊதித் தள்ளிவிட்டுப் போயிருப்பாள். இது படகுத்துறையின் சோதனைக் கூடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படகு தயாராக நிற்கிறது. படகு போகிற இடம் தீவு.

மூன்றாம் வகுப்பில் உலக வரைபடத்தில் ஒரு புள்ளியை அச்சுப் பிசகு என்று நகத்தால் சுரண்டி, "அது தீவுடி, அழிச்சுடாதே!" என்று டீச்சரிடம் குட்டு வாங்கினாள். அன்று பிடித்த பைத்தியம். மனிதரைக் கண்டு பயப்படத் தெரியாத பறவைகள், வேறெங்கும் முளைக்காத செடிகள். பல்செட் செய்யும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வருடா வருடம் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தாள். இந்த வருடம்தான் விழுந்தது. ஒரு நடைக்கு நாலு பேர்.

யாருடைய பொருளிலாவது ஒரு விதையோ பூச்சியோ அகப்பட்டால், அவருக்கு ஆயுளுக்கும் தீவு கிடையாது. காலையிலிருந்து பையின் தையலைக்கூட இடுக்கியால் கிளறிப் பார்த்துவிட்டார்கள். ஷூவைக் கழுவித் துடைத்துக் கொடுத்ததே அவர்கள்தான். பிறகு இது எப்படி வந்தது?

யாரோ வைத்திருக்கிறார்கள்.

"என்னம்மா, ஷூ கடிக்குதா?" என்றார் கோட்டுக்காரர். அவரும் குலுக்கலில் வந்தவர்தான். இந்த வெயிலில் கோட்டு, மடியில் தொப்பி.

"இல்லையே. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா யாரும் எதையும் கேட்பதில்லை என்பது அவள் கட்சி. எதிர் பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பியதும் இருவரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் ஒன்றுமில்லை.

சோதனை நடத்தும் அதிகாரியம்மாவிடம் போய்ச் சொல்லிவிடலாம்தான். 'என் ஷூவில் இருந்தது, ஆனால் என்னுடையது இல்லை' என்றால் எவர் நம்புவார்? அவளுக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. வீட்டுத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினோமே, அதிலிருந்து தொற்றிக்கொண்டதோ?

அம்மா நூலால் அவள் பெயரைத் தைத்துக் கொடுத்த கைக்குட்டையில் நத்தையை முடிந்துகொண்டு கழிப்பறைக்கு நடந்தாள். பூட்டியிருந்தது.

"சாவி அதிகாரியம்மாகிட்ட இருக்கு. அவங்க வந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்க" என்றாள் தரை துடைக்கிற அக்கா.

"உள்ளயும் வருவாங்களா?"

"வெளியதான் நிப்பாங்க. ஆனா தண்ணியைக் கொட்டறதுக்கு முன்னாடி எட்டிப் பாப்பாங்க."

அவளுக்குப் போக வேண்டிய அவசரமே போய்விட்டது. ஜன்னலுக்கு வந்தாள், கொசு நுழையாத வலை. குப்பைக்கூடைக்கு வந்தாள், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பை. இதற்குள் அதிகாரியம்மா டார்ச்சோடு வந்து நின்றாள்.

"கடைசி சோதனை. எல்லாரும் கையையும் பாக்கெட்டையும் காட்டுங்க. யார்கிட்டயாவது ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடலாம்."

நாலு பேரும் ஒரே குரலில் 'ஒண்ணுமில்லை' என்றார்கள். கோட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். அவர் கழற்றி மாட்டிய கோட்டு, அவள் தோளுக்கருகே ஆணியில் தொங்கியது. அவளுக்கே தெரியாமல் கை அதன் பாக்கெட்டுக்குள் போய்விட்டு வெறுங்கையாக வந்தது.

அதிகாரியம்மா அவளைச் சோதித்துத் தலையாட்டினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நத்தையை மட்டுமா போட்டோம்? கைக்குட்டையோடு போட்டுவிட்டோம். கைக்குட்டையில் பெயர்!

அதிகாரியம்மா கணவன் மனைவி பக்கம் திரும்பிய சமயம் பார்த்து மறுபடி கையை விட்டாள். முடிச்சு அகப்பட்டது. கையை இழுத்தால் வரவில்லை. மேலே இன்னொரு கை இருந்தது.

"என்னம்மா, என் பாக்கெட்ல உனக்கு என்ன வேலை?"

"என் கைக்குட்டை சார்."

"உன் கைக்குட்டை என் கோட்டுல எப்படி?"

"காத்துல பறந்து..."

"ஃபேனே ஓடலை!" என்று அவர் முடிச்சைப் பறித்து அவிழ்த்தார். அவர் முகம் சுண்டிப்போனது. "அடக் கடவுளே! இது மறுபடியும் எங்கிட்டயே வந்துடுச்சா?"



"மறுபடியும்னா?" என்றாள் அவள், மெல்ல. "என் ஷூவுல போட்டது நீங்களா?"

"என் தொப்பியில போட்டது யாரு, அதை முதல்ல சொல்லு!"

எதிர் பெஞ்சிலிருந்து மனைவி கணவனை இடித்தாள். "நம்ம பையில இருந்த அதே நத்தைதாங்க. அப்பவே சொன்னேன், ஆளில்லாத இடமாப் பாத்துப் போடுங்கன்னு!"

"வாயை மூடுடி! அந்தம்மா நிக்கறாங்க."

அந்தம்மா நின்றுகொண்டுதான் இருந்தாள். டார்ச்சை அணைத்தாள்.

"நல்லது. நாலு பேரும் பையை எடுத்துக்கிட்டு வாசல்ல நிக்கிற பஸ்ல ஏறுங்க."

"மேடம், சின்ன நத்தைதானே..." என்றார் கோட்டுக்காரர்.

"நத்தை சின்னதுதான் சார்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கணவனும் மனைவியும் யார் குற்றம் என்று வாசல் வரை சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். அவள் மட்டும் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் படகைப் பார்த்தாள். குட்டு வாங்கிய இடம் இப்போது வலிப்பது போலிருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

தரை துடைக்கிற அக்கா வந்து நத்தையை வெறும் விரலால் எடுத்து, தரையில் போட்டாள். அது துள்ளி எழும்பி அக்காவின் கைக்கே வந்தது.

"ரப்பரா?" என்றாள் அவள்.

"நீ என்ன வேலைன்னு சொன்னே? பொய்ப்பல் செய்யறேன்னு சொன்னேல்ல?" என்று முறைத்தார் கோட்டுக்காரர். "எது நிஜம், எது போலின்னுகூடத் தெரியலையா உனக்கு?" அவர் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "போகட்டும் அக்கா. போயிட்டு வந்தவங்க உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருப்பாங்களே. தீவு எப்படி இருக்குமாம்?"

"போனாத்தானே சொல்றதுக்கு!" அக்கா நத்தையை மேலங்கியில் துடைத்தாள். "நத்தையைக் கொண்டுவந்து குடுக்கறவங்களுக்குத்தான் படகு. இன்னிவரைக்கும் ஒருத்தரும் குடுக்கலை, தீவும் பத்திரமா இருக்கு. நகரும்மா, நாளைக்குக் காலையில அடுத்த நாலு பேர் வர்றாங்க. இதைக் கழுவிக் காயவெக்கணும்."